நிறத்துக்கு அடியில் வெள்ளி

நான் செய்யும் பதக்கத்தைக் கையில் வாங்கும் நம்மூர்க்காரர்கள் முதலில் கேட்பது, “இந்தக் கலர் போயிடாதா?” என்றுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் கொலுசுகளில் மயிலின் கழுத்துக்கும் பூவின் இதழுக்கும் வைக்கும் பச்சையும் சிவப்பும் பெரும்பாலும் சூளைக்குப் போகாத பிசின் வண்ணங்கள். சோப்பும் வியர்வையும் தரை உராய்வும் பட்டுப் பட்டு ஒரு நாள் உரிந்துவிடும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். நிறம் உரிந்த மயில்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

நான் வெள்ளியின்மேல் வைப்பது கண்ணாடி. நிறமேற்றிய கண்ணாடியைப் பொடியாக்கி, கழுவி, ஈரத்தோடு வெள்ளிக் குழியில் நிரப்பி, 760 முதல் 815 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய மின்சூளைக்குள் இரண்டு நிமிடம் வைத்தால், அது உருகி வெள்ளியோடு பிணைந்துவிடும். அசல் எனாமல் இதுதான். ஜெய்ப்பூரில் மீனாகாரி என்று சொல்வதும் இதைத்தான். வெயிலில் வெளுக்காது, தண்ணீரில் கரையாது. கல்தரையில் ஓங்கி விழுந்தால் தெறிக்கலாம். நிறம் மட்டும் போகாது.

எனாமலில் ஒரு வகை ஒளியை மறித்துவிடும். அடியில் எந்த உலோகம் இருந்தாலும் வெளியே தெரியாது. இன்னொரு வகை ஒளியை உள்ளே விடும். நான் பிடித்துக்கொண்டது அந்த இரண்டாவது வகையை. வெளிச்சம் அந்தக் கண்ணாடியைக் கடந்து வெள்ளியில் பட்டு, மறுபடியும் அதே கண்ணாடியைக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது. ஒரே நிறத்தை இருமுறை கடந்து வருவதால்தான் அதற்கு அந்த ஆழம். கண்ணாடி தடித்த இடத்தில் நிறம் கருக்கும், மெலிந்த இடத்தில் இளகும். அடியில் உள்ள வெள்ளி பளபளத்தால் நிறம் எழும்பி நிற்கும். வெள்ளி மங்கியிருந்தால் எவ்வளவு உயர்ந்த எனாமலும் மங்கித்தான் தெரியும்.

இத்தனை வருடத்தில் நான் கற்றதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: வாங்குபவர் நிறத்தைப் பார்க்கலாம், செய்பவர் வெள்ளியைப் பார்க்க வேண்டும். கண்ணாடி மூடிய பிறகு யாராலும் தொட முடியாத அந்தத் தரையில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

களிமண்ணாக வந்த வெள்ளி

பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தும் ஊதுகுழலையோ உளியையோ ஊரில் இருந்தவரை நான் தொட்டதில்லை. எங்கள் தெருவில் பெண்கள் செய்தது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வளையம் கோக்கும் வேலை. கல்யாணமாகி அமெரிக்காவில் சின்சினாட்டிக்கு வந்த பிறகு, ஒரு கலைக்கூடத்தின் மாலை வகுப்பில்தான் வெள்ளி என் கைக்கு வந்தது. ஆசிரியை மேசையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். உள்ளே வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு களிமண் கட்டி. கையளவுக்கு மீறிய கனம். இதை உருட்டி, அச்சுப் பதித்து, உலர்த்திச் சூளையில் வைத்தால் வெள்ளி நகை என்றார்.

அந்தக் களிமண்ணில் முதலிலிருந்தே இருப்பது வெள்ளிதான். சில மைக்ரான் அளவுள்ள தூய வெள்ளித் துகள்களைத் தண்ணீரோடும் செல்லுலோஸ் வகைப் பசையோடும் சேர்த்துப் பிசைந்திருக்கிறார்கள். சூட்டில் தண்ணீர் ஆவியாகிறது, பசை எரிந்துபோகிறது, துகள்கள் உருகாமலே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கெட்டிப்படுகின்றன. கடைசியில் மிஞ்சுவது 999 தூய்மையுள்ள வெள்ளி. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மசாக்கி மொரிக்காவா இதை உருவாக்கினார். பிஎம்சி என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. அதே நாட்டின் ஆய்டா கெமிக்கல் நிறுவனம் ஆர்ட் க்ளே சில்வர் என்று தன்னுடையதைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இதைப் பரப்பியதில் உலோகக் கலைஞர் டிம் மெக்ரைட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் வந்த பிஎம்சி சூளையில் 28 சதவீதம் வரை சுருங்கியது. பிறகு துகள்களை இன்னும் நுண்மையாக்கி, சுருக்கத்தைப் பத்து சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்தார்கள். மோதிரம் செய்கிறவர்களுக்கு இந்தச் சுருக்கம் ஒரு கணக்கு. எனக்கு அது ஒரு கொடை. களிமண்ணில் நான் பதித்த கோடுகள் சூளையிலிருந்து வரும்போது இன்னும் நெருங்கி, இன்னும் நுணுக்கமாக வருகின்றன.

எனாமலுக்கு இந்த வெள்ளி பொருந்துவதற்கு முதல் காரணம் அதன் தூய்மை. உலகம் முழுக்க நகைக்குப் பயன்படும் 925 வெள்ளியில் 7.5 சதவீதம் செம்பு கலந்திருக்கிறது. சூளைச் சூட்டில் அந்தச் செம்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து கறுத்து, கண்ணாடிக்கு அடியில் அழுக்குத் திட்டாகத் தெரியும். தூய வெள்ளியில் செம்பு இல்லை; எத்தனை முறை சூளைக்குள் போனாலும் வெள்ளையாகவே வெளியே வரும்.

இரண்டாவது காரணம் அச்சு. ஒளி ஊடுருவும் எனாமலுக்கு அடியில் மேடு பள்ளம் வேண்டும். பள்ளத்தில் கண்ணாடி ஆழமாக நிற்கும், மேட்டில் மெலிதாகப் படியும். ஒரே நீலம் ஒரே பதக்கத்தில் பல நீலமாகத் தெரிவது அதனால்தான். இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குச்சோ தி மன்னாயா என்ற பொற்கொல்லர், போப்பாண்டவர் நான்காம் நிக்கோலஸுக்காக ஒரு வழிபாட்டுக் கிண்ணம் செய்தார். வெள்ளியைச் செதுக்கி, ஒளி ஊடுருவும் எனாமலை அதில் நிரப்பிய வேலை அது. இன்றும் அசிசியில் இருக்கிறது. ஊருக்குப் போகும் வழியில் லண்டனில் இறங்கிய ஒரு முறை, பிரிட்டிஷ் மியூசியத்தில் 14ஆம் நூற்றாண்டின் அரச பொற்கிண்ணத்தைப் பார்த்தேன். புனித ஆக்னெஸின் கதையைப் பொன்னில் செதுக்கி எனாமலால் மூடியிருக்கிறார்கள். உடுப்பின் மடிப்புகளில் உளி ஆழமாக இறங்கிய இடமெல்லாம் நிழல் விழுந்திருக்கிறது. அந்த நிழலுக்கென்று தனி நிறம் எதுவும் தீட்டவில்லை. அதே கண்ணாடி கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது, அவ்வளவுதான். அந்த உளி வேலைக்கு ஒருவர் பாதி ஆயுளைக் கொடுத்திருக்க வேண்டும். களிமண்ணில் அந்த மேடு பள்ளத்தை விரலால் அழுத்தி எடுக்க முடிகிறது. உளி பிடிக்கத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு எனாமலின் கதவைத் திறந்தது இதுதான்.

ஒரு துளசி இலைப் பதக்கம்

நான் அடிக்கடி செய்யும் ஒரு பதக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். வீட்டுத் தொட்டியில் வளரும் துளசியில் நரம்பு நன்றாகத் தெரியும் இலையாக ஒன்றைக் கிள்ளிக்கொள்வேன். களிமண்ணைத் தட்டும் பலகையின்மேல் இலேசாக எண்ணெய் தடவ வேண்டும். அலுமினியத் தட்டோ உருளையோ கூடாது. வெள்ளிக் களிமண் அலுமினியத்தோடு வினைபுரிந்து கெட்டுவிடும். கனம் சீராக வர, இரண்டு பக்கமும் சீட்டுக்கட்டுச் சீட்டுகளை அடுக்கி, அவற்றின்மேல் குழாயை உருட்டுவது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ள வழக்கம். கனத்தைச் சொல்வதே சீட்டுக் கணக்கில்தான். எனாமல் வைக்கும் தகட்டுக்கு நான் ஐந்து சீட்டு வைப்பேன். தகடு மெலிந்தால் பின்னால் வளையும், வளைந்தால் கண்ணாடி தாங்காது.

இலையின் அடிப்பக்கத்தில்தான் நரம்புகள் புடைத்திருக்கும். அந்தப் பக்கம் களிமண்ணில் படும்படி வைத்து ஒரு தடவை உருட்ட வேண்டும். இலையை மெல்ல உரித்தெடுத்தால் ஒவ்வொரு நரம்பும் ஒரு வாய்க்கால். அங்கேதான் பிறகு பச்சை ஆழமாக நிற்கப் போகிறது. சுற்றிலும் மெல்லிய விளிம்பு ஒன்றை வெட்டி, களிமண்ணைத் தண்ணீரில் குழைத்த சேற்றால் ஒட்டுவேன். எனாமல் வழியாமல் நிற்க அது வரப்பு. மூலைகளையெல்லாம் உருட்டிவிட வேண்டும். கண்ணாடி விரிசல் விட ஆரம்பிப்பது கூரான மூலையில்தான். சங்கிலி கோக்கும் வளையம் தூய வெள்ளியாக இருக்க வேண்டும். அதை இப்போதே களிமண்ணில் பதித்துவிடலாம். பின்னால் பற்றவைக்க நினைத்தால் ஊதுகுழலின் தீ எனாமலைக் கெடுக்கும்.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் நீராவி வெடித்துக் கொப்புளம் கட்டும். உலர்ந்த களிமண்ணைக் குளிர்ந்த கண்ணாடியின்மேல் ஒரு நிமிடம் வைத்து எடுத்தால், ஈரம் மிச்சமிருந்தால் கண்ணாடியில் பனி படரும். பனி படராமல் போகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு நுண்ணிய உப்புத்தாளால் விளிம்பைத் தேய்ப்பேன். உதிரும் தூளும் வெள்ளிதான். ஒரு சிட்டிகையும் வீணாகாமல் சேற்றுப் புட்டிக்குப் போகும்.

அடுத்தது சூளை. களிமண் வகையைப் பொறுத்து 600 அல்லது 650 டிகிரியில் அரை மணி நேரம் போதும் என்று பொட்டலத்தில் போட்டிருப்பார்கள். சாதாரண நகைக்கு அது போதலாம், எனாமலுக்குப் போதாது. குறைந்த சூட்டில் வெந்த வெள்ளிக்குள் நுண்துளைகள் மிச்சமிருக்கும். அந்தத் துளைகளில் காற்றும் ஈரமும் தங்கி, எனாமல் உருகும்போது குமிழியாகக் கிளம்பும். இன்னொரு தொல்லையும் உண்டு. 650 டிகிரியில் வெந்த தகட்டை எனாமலுக்காக 800 டிகிரியில் வைத்தால் அது மறுபடி கொஞ்சம் சுருங்கும். மேலே கண்ணாடி இருக்க, அடியில் வெள்ளி சுருங்கினால் கண்ணாடி என்ன செய்யும்? அதனால் எனாமல் போகும் எந்தத் தகட்டையும் 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைப்பதே முறை. தூய வெள்ளி உருகுவது 961 டிகிரியில். அதற்கும் 900க்கும் இடையே உள்ள இடைவெளி சிறியது. சூளையின் வெப்பமானி சரியாக இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சூளையிலிருந்து வரும் பதக்கம் சுண்ணாம்பு பூசியதாகத் தோன்றும். அது பூச்சல்ல. வெள்ளியின் மேல்பரப்பு நுண்ணிய மேடுகளாக நிற்பதால் ஒளி சிதறி வெண்மையாகத் தெரிகிறது. அந்த மேடுகளைப் படுக்கவைத்தால்தான் வெள்ளி கண்ணாடிக்கு அடியில் ஒளியைத் திருப்பி அனுப்பும்.

“அடியில அழுக்கு இருந்தா”

ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பதக்கத்தை எங்கள் தெருவின் பட்டறைக்காரப் பெரியவரிடம் காட்டினேன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். நகத்தால் தட்டினார்.

“இது தகடு இல்லையே கண்ணு. சத்தம் மொத்தையா வருது.”

களிமண்ணைப் பற்றிச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கேயும் எனாமல் இருந்தது.

“பின்னாடி எதுக்கு வெச்சே? யாரு பார்க்கப் போறாங்க?”

“பார்க்க இல்ல மாமா. முன்பக்கத்தைப் பிடிச்சுக்க.”

சூடேறும்போது வெள்ளி விரிவது கண்ணாடி விரிவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆறும்போது சுருங்குவதும் அப்படியே. கண்ணாடி ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் இழுப்பும் ஒரு பக்கமாகவே இருக்கும். தகடு வளையும், கண்ணாடி விரிசல் விடும். பின்பக்கமும் பூசினால் இரண்டு இழுப்பும் சமமாகி நிற்கும். இதைச் சொன்னதும் தலையசைத்தார். பிறகு பதக்கத்தைச் சன்னல் பக்கம் பிடித்து, இலை நரம்பின் ஓரத்தில் ஒரு சின்ன மங்கலைக் காட்டினார். என் கண்ணுக்கு அதுவரை தெரியாத மங்கல்.

“மெருகு எதுல போடறே?”

“சோப்புத் தண்ணியும் பித்தளைப் பிரஷும்.”

“சோப்பு வேண்டாம். பூந்திக்கொட்டையை ஊறவெச்சு, அந்தத் தண்ணியில போடு. பாத்திரம்னா மறுபடி தேச்சுக்கலாம். இது கண்ணாடி மூடற வேலை. அடியில அழுக்கு இருந்தா ஆயுசுக்கும் அழுக்குதான்.”

அன்றிலிருந்து என் மேசையில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் உண்டு. ஊரிலிருந்து வருபவர்கள் எனக்குக் கொண்டுவருவது அதுதான். பிரஷ் போட்ட பிறகு அகேட் மெருகுக்கல்லால் பள்ளங்களின் தரையை அழுத்தித் தேய்ப்பேன். கடைசியாக, ஓடும் தண்ணீருக்கு அடியில் கண்ணாடி இழைப் பிரஷ். பித்தளையின் தடம் ஏதேனும் ஒட்டியிருந்தாலும் அது எடுத்துவிடும். அதன் இழைகள் தோலில் ஏறினால் நாள் முழுக்க உறுத்தும். கையுறை போடாமல் தொடக் கூடாது. இதற்குப் பிறகு பதக்கத்தை விரலால் தொடுவதில்லை. விளிம்பைப் பிடிக்கச் சாமணம்தான். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் எனாமல் ஒட்டாமல் விலகி நிற்கும்.

கண்ணாடிப் பொடி

சின்சினாட்டியிலிருந்து ஒகையோ ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கென்டக்கி மாநிலத்தின் பெல்வியூ. தாம்சன் எனாமல் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் எனாமல் செய்பவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது அவர்களின் ஈயம் கலக்காத பொடிகளை. பழைய எனாமல்களில் ஈயம் இருந்தது. இன்றும் சில நாடுகளின் பொடிகளில் இருக்கிறது. ஒளியில் அவை அழகுதான். வீட்டு மேசையில் வேலை செய்பவர்கள் ஈயமில்லாததையே வாங்க வேண்டும். எந்தப் பொடியானாலும் மூக்கை மூடும் நல்ல முகமூடி வேண்டும். சமையல் மேடையில் இந்த வேலை கூடவே கூடாது.

நிறம் கண்ணாடிக்குள் கரைந்த உலோக ஆக்சைடுகளிலிருந்து வருகிறது. கோபால்ட் நீலம் தருகிறது. செம்பு மயில்நீலமும் பச்சையும் தருகிறது. மாங்கனீஸில் ஊதா, தங்கத்தில் ரோஜா நிறம். ஒவ்வொரு பொடியையும் வைப்பதற்கு முன் கழுவ வேண்டும். கழுவுவதைத்தான் புதிதாக வருபவர்கள் தாண்டிப்போகிறார்கள். நிறம் கெடுவதும் அங்கேதான். ஒரு சின்னக் கிண்ணத்தில் பொடியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால், கனமான மணிகள் உடனே அடியில் உட்காரும். மாவாக அரைபட்ட துகள் பால் நிறத்தில் மேலே மிதக்கும். அந்தப் பாலைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். மேலே நிற்கும் தண்ணீர் தெளிந்து, அடியில் பொடியின் மணிகள் தனித்தனியாகத் தெரியும்வரை இது நடக்கும். அந்த மாவு உள்ளே போனால் உருகிய பிறகும் கண்ணாடிக்குள் மூட்டமாக நிற்கும். கடைசிக் கழுவலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்பும் மூட்டத்தைத்தான் தரும்.

இனி நிரப்பும் வேலை. மெல்லிய தூரிகையின் நுனியில் ஈரப் பொடியை எடுத்து, இலை நரம்பின் வாய்க்காலில் முதலில் வைப்பேன். அடர் பச்சை வாய்க்காலுக்கு, இளம்பச்சை இலைப்பரப்புக்கு. விளிம்பை மெதுவாகத் தட்டினால் மணிகள் தாமாக நெருங்கிப் படியும், ஈரம் மேலே வரும். அதை ஒரு துணி ஓரத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு தடவையில் மணிகள் ஒன்று ஒன்றரை அடுக்குக்கு மேல் போகக் கூடாது. தடிமனாக வைத்தால் அடியில் காற்று மாட்டிக்கொள்ளும். மெலிதாக வைத்து, சூளையில் உருக்கி, ஆறவிட்டு, மறுபடி வைத்து மறுபடி உருக்கி, குழி நிறையும்வரை போக வேண்டும்.

நிரப்பியதைச் சூளையின் தலைமேல் வைத்து நன்றாக உலர்த்திய பிறகே உள்ளே அனுப்ப வேண்டும். முட்கரண்டியில் தாங்கியை ஏந்தி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், அதன்பின் நடப்பதைக் கதவின் சின்னத் துவாரம் வழியாகப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து பார்க்கலாம். முதலில் பொடி கறுத்துத் தெரியும். பிறகு மணிகள் இளகி ஒன்றையொன்று தொடும். தொழிலில் இதைச் சர்க்கரை நிலை என்பார்கள். அடுத்தது ஆரஞ்சுத் தோல் நிலை: பரப்பு முழுவதும் சேர்ந்திருக்கும், ஆனால் மேடு பள்ளம் போகாது. இன்னும் சில நொடியில் அது சமப்பட்டு மினுங்கும். அந்த மினுக்கம் விளிம்புவரை வந்ததும் எடுத்துவிட வேண்டும். சூட்டில் இருக்கும்போது நிறம் வேறாகத்தான் தெரியும். பச்சை பழுப்பாக நிற்கும். ஆற ஆற, விளிம்பிலிருந்து உள்நோக்கி, தன் நிறத்துக்குத் திரும்பும்.

குழி நிறைந்த பிறகு வைரத்தூள் பதித்த பட்டையால் தண்ணீருக்கு அடியில் தேய்த்துச் சமப்படுத்துவேன். தேய்த்த பரப்பு மங்கிப்போகும். தேய்ப்புத் தூளைக் கண்ணாடி இழைப் பிரஷால் முழுக்கக் கழுவிவிட்டு, கடைசியாக ஒரு தடவை சூளையில் காட்டினால் பளபளப்பு திரும்பும். அப்போதுதான் துளசி இலை தெரியும்: நரம்பு கருத்து, பரப்பு வெளிறி, பதக்கத்தைச் சாய்க்கச் சாய்க்க வெளிச்சம் நரம்பு நரம்பாக நகரும்.

சிவப்பின் பிடிவாதம்

வெள்ளியில் நீலமும் பச்சையும் மனம் கோணாமல் வரும். சிவப்பும் ரோஜாவும் ஆரஞ்சும் வராது. சூளையில் வெள்ளியின் அயனிகள் கண்ணாடிக்குள் ஏறி அதை மஞ்சளாக்கும், சிவப்பு பழுப்பாகிவிடும். ஐரோப்பியத் தேவாலயச் சன்னல்களில் 14ஆம் நூற்றாண்டிலிருந்து பொன்மஞ்சள் தீட்டியதும் இதே வெள்ளியால்தான். சன்னல்காரர்களுக்கு வாய்த்த நன்மை, எனாமல்காரர்களுக்கு இடைஞ்சல்.

நம் நாட்டின் பழைய வேலைகளைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். ஆம்பேரின் ராஜா மான்சிங் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாகூரிலிருந்து எனாமல் கைவினைஞர்களை அழைத்து வந்தார் என்பது ஜெய்ப்பூரில் வழங்கும் வரலாறு. அவர்களின் பெயர் நின்றது ஒளி ஊடுருவும் மாணிக்கச் சிவப்பினால். அந்தச் சிவப்பு பொன்னில் வைத்தது. லக்னோவின் 18ஆம் நூற்றாண்டு ஹுக்கா அடிப்பாகங்கள் வெள்ளியில் செய்தவை. அவற்றில் ஆட்சி செய்வது நீலமும் பச்சையும். அந்தக் கைவினைஞர்கள் உலோகத்தின் குணம் அறிந்து நிறத்தைத் தேர்ந்திருக்கிறார்கள்.

வெள்ளியில் சிவப்பு வேண்டுமென்றால் நடுவில் ஒரு தடை வேண்டும். தாம்சனில் 2020 என்ற எண்ணுள்ள நிறமற்ற எனாமல் வெள்ளிக்கென்றே செய்தது. அதை முதலில் உருக்கி மூடிவிட்டு அதன்மேல் சிவப்பு வைக்கலாம். இன்னும் தெளிவு வேண்டுமென்றால் அந்த நிறமற்ற அடுக்கின்மேல் 24 காரட் பொன் இழைத்தாளை ஒட்டி, ஊசியால் நுண்துளைகள் போட்டு, சூளையில் பதித்து, அதன்மேல் சிவப்பு வைக்க வேண்டும். துளைகள் அடியில் உள்ள காற்று வெளியேற. அப்போது சிவப்புக்கு அடியில் இருப்பது பொன். எதை மாற்ற வேண்டும் என்று கேட்டால் அடித்தளத்தை என்பதுதான் இங்கேயும் பதில்.

தொடங்குகிறவர்களுக்கு

இந்த வேலையைக் கற்க வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, நீலம், பச்சை, நிறமற்றது என்று மூன்று பொடி மட்டும் வாங்குங்கள் என்பதே. ஒவ்வொரு பொடிக்கும் தூய வெள்ளியில் ஒரு சின்ன மாதிரித் துண்டு செய்யுங்கள். ஒரு ஓரத்தில் ஒரு அடுக்கு, நடுவில் இரண்டு, மறு ஓரத்தில் மூன்று. எண்ணையும் சூட்டையும் பின்பக்கம் எழுதி வையுங்கள். பொடியின் நிறத்தைப் பார்த்து நகையின் நிறத்தை யாராலும் சொல்ல முடியாது. மாதிரித் துண்டுதான் சொல்லும். வளைந்து கொடுக்கும் நகைக்கு எனாமல் ஆகாது. பதக்கம், தோடு, அசையாத தட்டு வைத்த மோதிரம் ஆகியவைதான் இதற்குப் பொருந்தும். விற்கும்போது, அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் கழுவ வேண்டாம், மோதிரத்தை அளவு மாற்றக் கொடுக்க வேண்டாம் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக் களிமண் கிராம் கணக்கில் வெள்ளித் தகட்டைவிட விலை கூடியது. அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்து நான் வாங்குவது, உளி பிடிக்கக் கற்றிராத என் கைக்கு ஒரு வழி. சேலத்தில் உளியும் அச்சும் வெள்ளியின் குணமும் அறிந்த கைகள் இருக்கின்றன. அவர்களுக்குக் களிமண் தேவையில்லை. 999 வெள்ளித் தகடு, மேசைமேல் வைக்கும் ஒரு சின்ன மின்சூளை, கழுவிய கண்ணாடிப் பொடி இருந்தால் போதும். மாமாவின் கண் பார்க்கும் அந்த மங்கலைப் பார்க்கக் கற்க எனக்குப் பல வருடம் ஆகிறது. அவர்களிடம் அது இப்போதே இருக்கிறது. நம்மூரில் எனாமல் பயிற்சி தரும் வாய்ப்புள்ளவர்கள், கைவினைப் பள்ளியோ சங்கமோ யாராக இருந்தாலும், முதல் வகுப்பைச் செவ்வாய்ப்பேட்டையில் வையுங்கள். உரியாத நிறம் வைத்த வெள்ளி சேலத்திலிருந்தே வர முடியும்.